எல்லாக் காலியும் ஒன்று

செம்பூர் லோகஹித வைத்திய சபாவின் ஆஸ்பத்திரிக்கு மாரிக்கண்ணன் தன் மனைவியை அழைத்துக்கொண்டு போன காலையில், வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. டிரஸ்டி வீட்டுக் கல்யாணம் ஏதாவது இருக்கும் என்று அவர் நினைத்தார். உள்ளே போனால் ஒரே ஹோமப்புகை. வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சுகளைச் சுவரோரமாக அடுக்கிவிட்டு, நடுக்கூடத்தில் செங்கல் வைத்து அக்னி வளர்த்து, சாஸ்திரிகள் ஒருவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே ஒரு மனைப்பலகை. அதன் மேல் பட்டுத்துணி சுற்றி, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு கறுப்புப் பெட்டியை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மல்லிகைச் சரத்துக்கு நடுவே பச்சை விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டியது.

"என்னங்க இது?" என்றாள் கோகிலவாணி, வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டே.

"டேட்டாபேஸ் அப்கிரேடு," என்றான் வாட்ச்மேன். "பூஜை முடியற வரைக்கும் கவுண்டர் எல்லாம் பந்த்."

நோயாளிகள் நின்றார்கள். நிற்க முடியாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். இருமல்காரர்கள் புகைக்கு இன்னும் கொஞ்சம் இருமினார்கள்.

மாரிக்கண்ணன் தாராவியில் தோல் பை செய்கிற ஒரு கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். கோகிலவாணிக்குப் பக்கத்துச் சந்தில் பால்வாடியில் வேலை. அவளுக்குப் பித்தப்பையில் கல். எண்ணெய் பட்டால் வலி, தேங்காய் பட்டால் வலி, கடைசியில் அடுத்த வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாசனைக்கே வலி என்று ஆகியிருந்தது. வலி வந்தால் சுவரில் முதுகைச் சாய்த்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று பால்வாடியில் இருக்கும்போது அதையும் செய்வதில்லை. கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, டாக்டர் வந்தனா ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார். மழைக்காலம் முழுக்க அந்தத் தேதிக்காகக் காத்திருந்தார்கள். அட்மிஷன் அன்றைக்குத்தான்.

பூர்ணாஹுதி முடிந்ததும் சபாவின் கௌரவச் செயலாளர் மகாதேவன் மைக்கைப் பிடித்தார். மாட்டுங்காவாசி. ஒரு பெரிய கம்பெனியில் பர்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகப் பார்ப்பதற்கு நல்ல மனிதர். உண்மையிலேயே நல்ல மனிதர்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். நம்ம பழைய டேட்டாபேஸ் இருக்கானே, ரொம்ப சாது. யார் வந்தாலும் வா வான்னு உள்ளே விட்டுடுவான். பேர் பாதி இருந்தாலும் எடுத்துப்பான், ஒண்ணுமே இல்லாட்டாலும் எடுத்துப்பான். அப்படி இருந்தா ஆஸ்பத்திரி நடத்த முடியுமோ? புது வெர்ஷன் ரொம்பக் கண்டிப்பு. அப்கிரேடு பண்றதுக்கு முன்னாடி ஒரு செக் பண்ணணும்னு மேனுவல்ல போட்டிருக்கான். பண்ணினோம். ஏகப்பட்ட வார்னிங் வந்தது. கமிட்டி கூடி, வார்னிங் அத்தனையையும் ஏகமனதா ஏத்துண்டோம்."

கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

"புது அம்சங்கள் எல்லாம் இஷ்டப்பட்டா போட்டுக்கலாம், இல்லைன்னா விட்டுடலாம்னு நம்ம சிஸ்டம் மேனேஜர் ஹரிதா சொன்னா. கொடுத்ததை வேண்டாம்னு சொல்றது மரியாதையா? எல்லாத்தையும் போடச் சொல்லிட்டேன். என்ன போட்டிருக்கோம்னு போகப் போக உங்களுக்கே தெரியும்."

அதன் பிறகு தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் பெட்டியின் மேல் தெறிப்பதற்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் ஓடிவந்து துப்பட்டாவால் மூடினாள். அவள்தான் ஹரிதா. வாஷியிலிருந்து வருகிறவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது.

கவுண்டர் திறந்ததும் அவளேதான் உட்கார்ந்தாள்.

"பேஷண்ட் நேம்?"

"கோகிலவாணி," என்றார் மாரிக்கண்ணன்.

"சர்நேம்?"

"அதெல்லாம் கெடையாதும்மா."

"டேட் ஆஃப் பர்த்?"

"ஜூன் ஒண்ணு."

ஜூன் ஒன்று என்பது கோகிலவாணி பிறந்த தேதி அல்ல. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார் எழுதிக்கொடுத்த தேதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறார்கள்.

ஹரிதா திரையைப் பார்த்தாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு ஆபரேஷன் ஆல்ரெடி ஆயிடுச்சே. பித்தப்பையை எடுத்துட்டாங்க. ஃபாலோ அப் கூட வந்துட்டுப் போயிருக்கீங்க."

"எனக்கா? நான் அறியாமயா?"

"கம்ப்ளீட்டட்னு காட்டுது."

"எடுத்தாச்சுன்னா இங்கன வலிக்கிறது என்னது தாயி?"

ஹரிதாவுக்கு என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் வாடியது. குரலைத் தாழ்த்தி விளக்கினாள். தாணேயில் இன்னொரு கோகிலவாணி இருக்கிறாள். அவளுக்கும் சர்நேம் இல்லை. அவளும் அதே வருஷத்து ஜூன் ஒன்று. பழைய வெர்ஷனில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், ஒரு காலி வேறு, இன்னொரு காலி வேறு. அதனால் இரண்டு கோகிலவாணிகளும் இரண்டு பேராக இருந்தார்கள். புது வெர்ஷனில் காலியும் காலியும் சமம் என்று வைத்துக்கொள்ள ஒரு வசதி வந்திருக்கிறது. கமிட்டி அதையும் போடச் சொன்னது. ஒரே ஆள் இரண்டு தடவை இருக்கக் கூடாது என்பதால், அப்கிரேடு நடக்கும்போது எல்லாக் காலியையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டது.

"அப்ப தாராவிக் கோகிலவாணி?" என்றார் மாரிக்கண்ணன்.

"மர்ஜ் ஆயிட்டாங்க அங்கிள்."

"என் பேரு போட்டிருக்குமே. இவ வீட்டுக்காரன் நானு."

"உங்க பேர் இருக்கு. ஆனா அதை வெச்சு யாரு யாருன்னு பார்க்காது. பேரு, சர்நேம், டேட் ஆஃப் பர்த், அவ்வளவுதான்."

டாக்டர் வந்தனா நேரில் பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி மாடிக்குப் போனார்கள். டாக்டர் கோகிலவாணியைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"பித்தப்பை இருக்கு," என்றார் டாக்டர். "சந்தேகமே இல்லை."

பிறகு கணினியில் தட்டினார். சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு. புது ஏற்பாட்டின்படி, கணினி சீட்டுக் கொடுத்தால்தான் தியேட்டர் கிடைக்கும். சீட்டு இருந்தால்தான் மருந்துக் கடையில் மயக்க மருந்து கொடுப்பார்கள். இல்லாத உறுப்பை எடுப்பதற்குக் கணினி சீட்டுக் கொடுக்க மறுத்தது. பழைய ஸ்கேனைக் காட்டினால், அந்த ஸ்கேன் தேதிக்கு முன்பே உறுப்பு போய்விட்டது, ஆகவே ஸ்கேன் செல்லாது என்றது.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் டாக்டர், கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு. "அப்பெண்டிக்ஸ்னு சீட்டு வாங்கிடறேன். உள்ளே போனப்புறம் எதை எடுக்கணுமோ அதை எடுத்துக்கலாம்."

தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாணே அம்மாவுக்கு அதையும் எடுத்தாச்சு," என்றார்.

அந்த வாரம் அவர்கள் ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார்கள். இதுவரை எங்கே காட்டினீர்கள், அந்தப் பேப்பரைக் கொண்டு வாருங்கள் என்றார்கள் அங்கே. பேப்பரில் பித்தப்பை அகற்றப்பட்டது என்று அழகாக அச்சாகியிருந்தது. சின்ன வயசு டாக்டர் அதைப் படித்துவிட்டு, "பின்னே என்ன, வாயுவா இருக்கும்," என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மாரிக்கண்ணன் கார்கானா முதலாளி சேட்டிடம் லீவு சொல்லிவிட்டு மகாதேவனைப் பார்க்கப் போனார். கோகிலவாணி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். மகாதேவன் அவரை அன்பாக உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அடடா," என்றார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியறது. ஆனா ஒண்ணை நீங்க பாராட்டணும். இத்தனை வருஷமா ரெண்டு பேர் ஒரே பேர்ல, ஒரே பொறந்த நாள்ல சுத்திண்டு இருந்திருக்கா. ஒருத்தருக்கும் தெரியலை. புது வெர்ஷன் வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுடுத்து பாருங்கோ!"

"கண்டுபுடிச்சது சரிதான் சார். இப்ப ரெண்டு பேருன்னு மாத்திருங்க."

"அதெப்படி? அப்கிரேடு ஒரு வழிப் பாதை. ஏறினா எறங்க முடியாது."

"பழசு ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"பேக்கப்தானே? எடுக்காம இருப்போமா? எடுத்து, பொட்டு வெச்சு, பீரோவிலே வெச்சுப் பூட்டியாச்சு. ஆனா அதைத் திறந்து பார்க்கற வழக்கம் நம்ம சபாவிலே கிடையாது. திறந்து, அதுல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுடுத்துன்னா, அப்புறம் எங்களுக்கு நிம்மதியா தூக்கம் வருமா சொல்லுங்கோ."

மாரிக்கண்ணன் காபியைக் குடித்தார். அது நல்ல காபி. அதுதான் அவருக்குக் கோபம் வரவிடாமல் செய்தது.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றார் மகாதேவன். "அந்த தாணே அம்மாவை நேரே அழைச்சுண்டு வாங்கோ. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னா, எந்த சிஸ்டமா இருந்தாலும் ஒத்துண்டுதானே ஆகணும்?"

தாணேக் கோகிலவாணியைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அவளே ஆஸ்பத்திரிக்குத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். அப்கிரேடு நடந்த நாளிலிருந்து அவள் போனுக்குச் செய்தி மேல் செய்தி: வெறும் வயிற்றோடு வரவும், ஆபரேஷனுக்குத் தயாராக வரவும். மிச்சம் மீதி எதையாவது எடுக்கப் பார்க்கிறார்களோ என்ற பயத்தில் ஓடிவந்திருந்தாள். ஆகிருதியான, வாய் ஓயாத மனுஷி. தாராவிக்காரியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானா அது! ஊரு சாம்பவர்வடகரையாமே? எங்க அம்ம ஊருக்குப் பக்கம்லா. என் உசிரத்தான் புடுங்க வாராவன்னு பயந்துட்டேன் தாயி."

இருவரும் கவுண்டரில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஹரிதா இருவரையும் பார்த்து உற்சாகமாகத் தலையாட்டினாள். தாணேக்காரிக்கு டோக்கன் போட்டாள். அடுத்ததாகத் தாராவிக்காரிக்குப் போட்டாள். சிவப்பு விழுந்தது.

"ஸாரி ஆன்ட்டி. கோகிலவாணி ஆல்ரெடி கவுண்டர்ல இருக்காங்க. ஒரே ஆள் ஒரே டைம்ல ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதுன்னு புது ரூல். டைம் ஓவர்லாப் ஆகக் கூடாது."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே நிக்கோம்?" என்றாள் தாணேக்காரி.

"அதுவும் ஒத்துக்காது ஆன்ட்டி. உங்கள்ல ஒருத்தர் கொஞ்ச நேரம் வெளியே நிக்க முடியுமா?"

கோகிலவாணி விலாவைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய் நின்றாள். உள்ளே இருந்த தாணேக்காரியைக் கணினி ஏற்றுக்கொண்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டது. அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தாணேக்காரி வெளியே போக, கோகிலவாணி உள்ளே வந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டது. பித்தப்பை என்றாள். அது இல்லையே என்றது. இப்படி அவர்கள் மாறி மாறி வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்தார்கள். ஒருத்தி உள்ளே வந்தால் வலி இல்லை. இன்னொருத்தி உள்ளே வந்தால் பித்தப்பை இல்லை. நடந்த நடையில் கோகிலவாணிக்கு வலி வந்து, வாசற்படியிலேயே முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாணேக்காரி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டாள்.

"ஏ பொண்ணு," என்று ஹரிதாவைக் கூப்பிட்டாள் தாணேக்காரி. "நான் செத்துப்போனேன்னு எழுதிரு. எனக்கு என்ன வந்துச்சு, நான் வேற ஆஸ்பத்திரி பாத்துக்கிடுதேன். இவளைக் கவனி."

ஹரிதா பதறிப்போனாள். "ஐயோ வேண்டாம் ஆன்ட்டி! உங்களை டெலீட் பண்ணா அதோட சேர்ந்தது எல்லாம் டெலீட் ஆகும். இவங்களும் போயிடுவாங்க. இவங்க ஸ்கேன், மருந்து, தேதி எல்லாமே."

 மாரிக்கண்ணனுக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது? ஹரிதா அழுதுவிடுகிற மாதிரி இருந்தாள். டாக்டர் தினமும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். மகாதேவன் காபி கொடுத்தார். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். நடுவில் கோகிலவாணி மட்டும் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஹரிதாதான் ஒரு வழி சொன்னாள். காலியாக இருப்பதால்தானே இத்தனை வம்பு? சர்நேம் கட்டத்தில் எதையாவது நிரப்பிவிட்டால் கோகிலவாணி புது ஆளாகிவிடுவாள். புது ஆளுக்குப் புதுப் பித்தப்பை. ஆனால் சர்நேம் ஏற்றுவதற்குச் செயலாளர் அனுமதி வேண்டும். மகாதேவன் அறைக்கு இந்த முறை கோகிலவாணியும் போனாள்.

"இது நல்ல யோசனை," என்றார் மகாதேவன். "நானே சொல்லணும்னு இருந்தேன். மாட்டுங்காப் பக்கத்துப் பேஷண்ட் ஒருத்தருக்காவது இந்தப் பிரச்சினை வந்ததோ? வரலை. ஐயர், ஐயங்கார், நாயர், பிள்ளைன்னு எல்லாரும் முழுசா எழுதிடறா. ஒரு ரெகார்டுகூட ஒட்டிக்கலை. முன்னோர்கள் எத்தனை தீர்க்கதரிசனமா வெச்சுட்டுப் போயிருக்கா பாருங்கோ, டேட்டாபேஸ் வர்றதுக்கு முன்னாடியே! சரி, உங்களுக்கு என்ன போடலாம்?"

மாரிக்கண்ணன் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"கூச்சப்படாதேள். எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்குமே. உங்க அப்பா, தாத்தாவுக்கெல்லாம் பின்னாடி என்ன இருந்தது?"

 மாரிக்கண்ணன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்துவிட்டதைக் கோகிலவாணி பார்த்தாள்.

"இவுக அப்பா, எங்க மாமாவுக்கு ஒண்ணு வச்சிருந்தாங்க சார்," என்றாள். "அவரா வச்சுக்கிடலை. ஊருல உள்ளவங்க வச்சது. அதை அங்கனயே விட்டுட்டு வரணும்னுதான் அவரு பம்பாய்க்கு ரயில் ஏறினாரு."

மகாதேவன் யோசித்தார். மனம் இளகிவிட்டவர் போலத்தான் தெரிந்தது.

"ரொம்ப நன்னா சொன்னேள்," என்றார். "ஆனா அந்த ஆப்ஷன் லிஸ்டுல இல்லையே."

ஹரிதா முன்வந்து, லிஸ்டின் அடியில் என்.ஏ. என்று ஒன்று இருக்கிறது, பொருந்தாது என்று அர்த்தம், அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"என்.ஏ.," என்று மகாதேவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "கேக்கறதுக்கு கௌரவமாத்தான் இருக்கு. போட்டுடு."

இப்படியாகக் கோகிலவாணி என்.ஏ. பிறந்தாள். அவளுக்குப் பித்தப்பை இருந்தது. அப்பெண்டிக்ஸும் இருந்தது. டாக்டர் வந்தனா தியேட்டருக்குச் சீட்டு வாங்கி, அதைக் கையில் உயர்த்திக் காட்டிக்கொண்டே வராந்தாவில் வந்தார். மாரிக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து செல்லவில்லை.

புது வெர்ஷனில் குடும்பத் தலைவர் யார் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கேட்கிறபோது கணினியே அந்த நேரத்துக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரே சர்நேம் உள்ளவர்கள் ஒரே குடும்பம்; அவர்களில் மூத்தவர் தலைவர். கட்டிக்கொண்ட புருஷனாக இருந்தாலும் மாரிக்கண்ணன் இன்னும் காலியாகவே இருந்ததால் அவர் வேற்று மனிதர். சரி என்று அவரையும் என்.ஏ. ஆக்கினார்கள். அப்போதும் முடியவில்லை. அவரைவிட மூத்த என்.ஏ. ஒருவர் இருந்தார்.

"நாகூர் மீரான் என்.ஏ.," என்று படித்தாள் ஹரிதா. "கோவண்டி. அவர்தான் உங்க ஃபேமிலி ஹெட், அங்கிள். இங்கேதான் இருப்பாரு. மருந்துக் கடை வாசல்ல பாருங்க."

மருந்துக் கடை வாசலில் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது ஆறிப்போயிருந்தது.

மாரிக்கண்ணன் தயங்கிக்கொண்டே போய் நின்றார்.

"வாங்க," என்றார் பெரியவர். "நம்ம குடும்பமா?"

"அப்படித்தான் சொல்லுதாவ பாய்."

"உக்காருங்க. யாருக்கு முடியலை?"

"எம் பொண்டாட்டிக்கு. பித்தப்பையில கல்லு."

"அல்லா சுகமாக்கி வைப்பான். நான் காது அடைப்புன்னு காட்ட வந்தேன். சர்நேம் கேட்டான், இல்லைன்னேன், இதைப் போட்டுட்டான். அன்னையிலருந்து குடும்பம் பெருகிக்கிட்டே போகுது. நேத்து ஒரு பிரசவம், மராட்டிப் பிள்ள. ரெண்டு கண் ஆபரேஷன். ஒரு பையனுக்குக் கால் முறிவு, அவனுக்கு ஏசிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், பைக்கைக் கண்டபடி ஓட்டியிருக்கான்."

"உங்க காதைப் பார்த்துட்டாங்களா?"

"டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் இங்க கையெழுத்துல இருக்கேன். கூப்பிடுறது கேக்கவும் மாட்டேங்குது."

கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். "தங்கச்சி எந்த வார்டு? பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன். தலைவன்னு போட்டுட்டான்லா," என்று சொல்லி, மாரிக்கண்ணனுடன் மாடிப்படி ஏறினார். முன்பின் தெரியாத அந்த மனிதர் கட்டிலருகே நின்று, "பயப்படாதம்மா" என்று சொன்னபோது, அத்தனை நாளும் அழாத கோகிலவாணி அழுதாள்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கல் நகரத் தொடங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். கற்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். மாரிக்கண்ணன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கும்பிட்டார். ஹரிதா கீழே ஓடிப்போய்க் கணினியில் பார்த்துவிட்டு, எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று வந்து சொன்னாள்.

அந்த வாரமே சபாவில் விழா வந்தது. அப்கிரேடு வெற்றி விழா. ஆஸ்பத்திரி முற்றத்தில் ஷாமியானா போட்டார்கள். கூட்டம் போதாது என்று வார்டுகளில் இருந்தவர்களைச் சக்கர நாற்காலிகளில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். சிலருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த பாட்டிலை நர்ஸுகள் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருந்த கோகிலவாணியையும் வரவழைத்து முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். நாகூர் மீரான் மருந்துக் கடை வாசலில் வேலையாக இருந்தார்.

மகாதேவன் பேசினார்.

"பெரியோர்களே. நம்மிடையே ஒரு குடும்பம் இருந்தது. தாராவியிலே, பேர் பாதி, சர்நேம் காலி. பழைய வெர்ஷன் இவாளை அப்படியே விட்டு வெச்சிருந்தது. கேள்வி கேக்கலை, திருத்தலை, ஒண்ணும் பண்ணலை. வந்தா, மருந்து கொடுத்து அனுப்பிடும். அதுவா சேவை? புது வெர்ஷன் இவா குறையைக் கண்டுபிடிச்சுது. நாங்க அந்தக் குறையைத் தீர்த்து வெச்சோம். சர்நேம் இல்லாதவாளுக்கு சர்நேம் கொடுத்தோம். சொந்தம் இல்லாதவாளுக்குக் கோவண்டி வரைக்கும் சொந்தம் கொடுத்தோம். பேஷண்டுக்கு ஆபரேஷன்கூட நடந்துடுத்து. இதைவிட ஒரு டேட்டாபேஸ் என்ன பண்ண முடியும்? இப்போ ஸ்ரீமான் மாரிக்கண்ணன் என்.ஏ. மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுவார்."

மாரிக்கண்ணன் மேடை ஏறினார். சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு நாளாக அவர் வீட்டில் பேசிப் பார்த்திருந்தார். என் பொண்டாட்டி வாசற்படியில முந்தானையைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளே, அன்னைக்கு உங்க பச்சை வெளக்கு எங்கய்யா போச்சு என்று ஆரம்பிப்பதாக இருந்தது. நன்றாக வந்திருந்தது. தோல் வெட்டும்போதுகூட உதட்டுக்குள் சொல்லிப் பார்த்ததில், கார்கானாவில் எல்லோருக்கும் பாதி மனப்பாடம் ஆகியிருந்தது.

எதிரே கூட்டம் பார்த்தது. டாக்டர் வந்தனா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஹரிதா ஓரத்தில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதாவது தப்பாகிவிடுமோ என்ற முகத்தோடு நின்றாள். மாரிக்கண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"எல்லாருக்கும் நன்றி," என்றார். "வணக்கம்."

நல்ல கைதட்டல்.

வீட்டுக்குப் போகிற டாக்ஸி சுன்னாபட்டியைத் தாண்டியது. கோகிலவாணி சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"வீட்ல அம்புட்டுப் பேசினீயளே," என்றாள். "மைக்கைக் கையிலயே குடுத்தாவ. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

மாரிக்கண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வியாழக்கிழமை தையல் பிரிக்கணும்லா, வாணி," என்றார். "அவுககிட்டதான போவணும்."

டாக்ஸி சயன் சிக்னலில் நின்றது. கோகிலவாணி வயிற்றின் மேல் மெதுவாகக் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "நீங்க பேசாததே நல்லதுதான்."